சனிக்கிழமை பொழுதோட இருந்து ஆரம்பிங்க: பரிசுத்தம், ஜெபம், நம்பிக்கை, அன்பு அன்னாட வாழ்க்கையில எப்படி, ஒரு முழு வழிகாட்டி

திருப்பூர்ல பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் (மத்த கம்பெனிங்களுக்கு பனியன் தச்சுக் குடுக்கறது) பண்றேனுங்க, சொந்த ஊரு தாராபுரம் பக்கம், பொறந்ததுல இருந்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைதான். போதகர் கெடையாது, பைபிள் காலேஜ் பக்கம் போனதும் இல்ல. இருபது வருசமா ஞாயித்துக்கிழமை தவறாம ஆலயத்துக்குப் போயி, தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு) குடுத்து, அதுக்கு மேல ஒன்னும் யோசிக்காம இருந்த ஒருத்தன் எப்படி மறுபடி மொதல்ல இருந்து கத்துக்கிட்டான்னு சொன்னா உங்கள்ல நாலு பேருக்காவது ஒதவும்னு இவ்வளவு நீளமா எழுதறேன்.

எனக்கு ஆரம்பம் ஒரு அறுப்பின் பண்டிகை. நம்ம சபைங்கள்ல காணிக்கையா வந்த தேங்கா, கோழி, பூசணிக்கா எல்லாத்தையும் ஆராதனை முடிஞ்சதும் ஏலம் விடுவாங்க இல்லீங்களா, அன்னைக்கு ஒரு வாழத்தார ஆயிரத்து எண்ணூறு ரூவாய்க்கு நான் ஏலம் எடுத்தேன், எல்லாரும் கை தட்டுனாங்க. மொத நாள் சனிக்கிழமை பொழுதோட, பார்ட்டிகிட்ட (வேல குடுக்கற கம்பெனிக்காரருகிட்ட) இருந்து பில்லு பணம் வரலைன்னு சொல்லி ஆறு பேரோட வாரக்கூலிய செவ்வாய்க்கிழமை தாரேன்னு அனுப்பிச்சிருந்தேன். அதுல ஒரு அக்கா, கைமடி வேல (தைக்கறவங்களுக்கு ஒத்தாசையா துணி மடிச்சுக் குடுக்கறது) செய்யறவங்க, எங்க சபைதான், ரெண்டு வரிசை பொறகால உக்காந்து நான் ஏலம் கேக்கறத பாத்துட்டு இருந்தாங்க. ஒரு வார்த்த கேக்கல, வெளிய வரும்போது "ஸ்தோத்திரம் தம்பி"ன்னு சொல்லிட்டு பேரனக் கூட்டிட்டு நடந்து போனாங்க, பஸ்ஸுக்குக் காசு இல்லாமத்தான் நடந்தாங்கன்னு எனக்கு அப்பறம்தான் தெரிஞ்சுது.

ரெண்டு வாரம் கழிச்சு குடும்ப ஜெபத்துல லேவியராகமம் 19 வந்துச்சு. 13வது வசனத்துல "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது"ன்னு எம் பொண்ணு வாசிச்சா. அதுக்கு மேல என்ன வாசிச்சான்னு எனக்குக் காதுல விழுகல.

பொதுவா எல்லாரும் அன்பு, நம்பிக்கை, ஜெபம், பரிசுத்தம்னு வரிசையா சொல்வாங்க, நான் பரிசுத்தத்துல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எனக்கு அதுலதான் தப்பு நடந்துச்சு, மத்த மூணும் அதுக்குப் பொறகால தானா தொறந்துச்சு. ஒன்னு மட்டும் மறந்துடாதீங்க, இதெல்லாம் பண்ணி ரட்சிப்ப சம்பாதிக்கப் போறதில்ல, எபேசியர் 2ல 8ம் 9ம் வசனம் கிருபைனாலதான்னு சொல்லிட்டு 10வது வசனத்துலதான் நற்கிரியைகளப் பத்திப் பேசுது. அந்த வரிசைய மாத்தாதீங்க.

படி 1: லேவியராகமம் 19ஐ உங்க கணக்கு நோட்டுக்குப் பக்கத்துல வெச்சு படிங்க

பரிசுத்தம்னா வெள்ளத்துணி, நகை போடாம இருக்கறது, சினிமா பாக்காம இருக்கறதுன்னுதான் நம்ம ஊருல நெம்ப பேரு நெனைக்கறோம். அப்படி இருக்கறவங்கள நான் குத்தம் சொல்லல, அது அவங்க மனசு. ஆனா "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்"னு 1 பேதுரு 1:16ல நாம மனப்பாடம் பண்ண வசனம் லேவியராகமத்துல இருந்து எடுத்தது, அதே கட்டளை 19ம் அதிகாரத்தோட 2வது வசனத்துலயே இருக்குது, அதுக்கப்பறம் கடவுள் எதப் பத்தியெல்லாம் பேசறாருன்னு பாத்தா தாய் தகப்பன், காட்டோட ஓரத்துல அறுக்காம விடற கதிரு, கூலி, செவிடன், குருடன், கோள் சொல்றது, ஊருக்குள்ள வந்து இருக்கற அந்நியன், தராசு, படிக்கல்லு. ஒரு சந்தையையும் ஒரு தோட்டத்தையும் நடுவுல வெச்சு எழுதுன மாதிரி இருக்குது.

அதனால ஒரு நாள் பொழுதோட தனியா உக்காந்து, ஒரு பேப்பர் எடுத்துக்கங்க. இந்தக் கேள்விய ஒவ்வொன்னா கேட்டு பதில எழுதுங்க, மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டா தப்பிச்சுக்குவோம்.

மொதக் கேள்வி கூலி. யாருக்கு நான் குடுக்கோணும், எத்தன நாளா பாக்கி நிக்குது? கம்பெனி வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, வீட்டு வேல செய்யற அம்மா, மோட்டார் ரிப்பேர் பாத்தவரு, தேங்கா போட்ட ஆளு, தென்னைக்கு பாத்தி எடுத்தவங்க எல்லாமே கணக்குதான். "அடுத்த வாரம் வாங்க, பாத்துக்கலாம்"னு நாம சொல்றது நமக்கு ஒரு வார்த்த, அவங்களுக்கு ஒரு வாரத்து அரிசி. நான் என்ன பண்ணேன்னா பேங்க்ல தனியா ஒரு அக்கவுண்ட் தொறந்து, ஒரு வாரத்துக் கூலிய எப்பவும் அதுலயே வெச்சிருக்கறேன், பார்ட்டி பணம் லேட்டானாலும் சனிக்கிழமை கூலி நிக்காது. அத சேக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு, அந்த எட்டு மாசம் ஏலத்துல எதுவும் எடுக்கல, காணிக்கையையும் கொறச்சுக்கிட்டேன், போதகர்கிட்ட காரணத்தையும் சொன்னேன். அவரு "மொதல்ல அதைச் செய்ப்பா"ன்னுதான் சொன்னாரு.

ரெண்டாவது தராசு. ஈரோட்டு மஞ்சளோ, காங்கயத்து கொப்பரையோ, சொசைட்டிக்கு ஊத்தற பாலோ, அளவும் ஈரப்பதமும் உண்மையா? சந்தையில மாடு விக்கறவங்க அதோட பால் அளவையும் நோயையும் வாங்கறவன் கேக்காமயே சொல்றாங்களா? பனியன் தொழில்ல தராசுன்னா ஜிஎஸ்எம் (துணியோட கனத்தச் சொல்ற எடைக்கணக்கு), பீஸ் எண்ணிக்கை, ஓவர்டைம் மணிக்கணக்கு. ஒன்றரை ஷிப்ட் ஓட்டிட்டு ஒன்னே கால்னு எழுதறதும் கள்ளப்படிதாங்க.

மூணாவது தண்ணி. இத எழுதாம விட எனக்கு மனசு வரல. நம்ம நொய்யல் ஆறு என்ன ஆச்சுன்னு கொங்கு நாட்டுல இருக்கற எல்லாருக்கும் தெரியும். ஒரத்துப்பாளையம் டேம் விவசாயத்துக்குன்னு கட்டுனது, அதுல சாயத்தண்ணி வந்து தேங்கி, கீழ இருந்த தோட்டமெல்லாம் பாழாச்சு, கெணத்துத் தண்ணி வாயில வெக்க முடியாம போச்சு, 2011 ஜனவரியில சென்னை ஹைகோர்ட்டு சாயப்பட்டறைங்கள மூடச் சொல்லி உத்தரவு போடற அளவுக்கு வந்துச்சு. அதே 19ம் அதிகாரம் 18வது வசனத்துலதான் உன்னைப்போல பிறனையும் நேசின்னு வருது, நமக்குப் பிறன் பக்கத்து வீட்டுக்காரரு மட்டுமில்லீங்க, நாம ராவுல தொறந்து விடற தண்ணிய வெடியால கெணத்துல எறைக்கற கீழ்மடைக்காரரும்தான். சாயம், பிளீச்சிங், பிரிண்டிங் தொழில்ல இருக்கற விசுவாசிங்க இத ஜெபத்துல வெச்சு நல்லா யோசிக்கோணும்.

மிச்சத்த சுருக்கமா சொல்லிடறேன். கோள் சொல்றது (16வது வசனம்), போன்ல ராவு நேரம் தனியா பாக்கறது, பத்திரத்துல கொறச்சு எழுதறது, இதெல்லாம் அவங்கவங்களுக்கே தெரியும், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. போன் விசயத்துல மட்டும் ஒரு யோசன, சார்ஜர கட்டல் பக்கத்துல இருந்து எடுத்து சமையக்கட்டுல மாட்டுங்க.

படி 2: ஒரு ஆளுக்குப் போன் பண்ணுங்க

மத்தேயு 5:23, 24ல பலிபீடத்துகிட்ட காணிக்கையோட நிக்கும்போது, உன் பேர்ல சகோதரனுக்குக் கொற இருக்குதுன்னு ஞாபகம் வந்தா காணிக்கைய அங்கியே வெச்சுட்டு மொதல்ல போயி ஒப்புரவாகுன்னு இயேசு சொல்றாரு. கவனிச்சுப் பாருங்க, உனக்கு அவன் மேல கொற இருந்தான்னு சொல்லல, அவனுக்கு உன் மேல கொற இருந்தான்னுதான் சொல்றாரு. நாம எப்பவும் நம்ம பக்கத்து வருத்தத்தத்தான் எண்ணிட்டு இருப்போம்.

நம்ம ஊருல சண்டைங்க பெரும்பாலும் வரப்பு, வாய்க்கா, கெணத்துப் பங்கு, இல்லைன்னா கல்யாணத்துல மொற செய்யலைங்கறது. அண்ணன் தம்பி பத்து வருசம் பேசாம, ஒரே ஆலயத்துல ரெண்டு பக்கமா உக்காந்து ஒரே நற்கருணை அப்பத்த வாங்கறாங்க. எப்படிப் பேச்ச ஆரம்பிக்கறதுன்னு தெரியலைன்னா இப்படிப் பண்ணுங்க: யாரு மேல தப்புங்கற வழக்குக்குள்ள போகவே போகாதீங்க, உங்க பக்கத்துத் தப்பு ஒன்னே ஒன்ன எடுத்து அத மட்டும் சொல்லுங்க. "அண்ணா, அன்னைக்கு ஒறம்பரைங்க முன்னால உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது, அது தப்பு"ன்னு சொல்லிட்டு கம்முனு இருங்க, "ஆனா நீங்களும்"னு ஒரு வார்த்த வந்தா செஞ்சதெல்லாம் போச்சு. அவங்க ஏத்துக்கலைன்னாலும் உங்க பங்கு முடிஞ்சுது. ரோமர் 12:18லயும் கூடுமானா, உங்களால ஆனமட்டும்னுதான் இருக்குது.

நான் அந்த அக்காகிட்ட போனேன். கூலி எப்பவோ குடுத்தாச்சு, ஆனாலும் அன்னைக்கு ஏலத்துல நடந்ததச் சொல்லி மன்னிச்சுக்கங்கன்னு கேட்டேன். "அட போங்க தம்பி"ன்னு சொல்லிட்டு கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. அன்னைக்கு ராவுதான் நெம்ப நாளைக்கப்பறம் எனக்கு ஜெபம் வாயில வந்துச்சு.

படி 3: ஜெபம், நேரத்தோட எடத்தோட

கம்பெனிக்குப் போறவங்களுக்கு காலையில ஒரு மணி நேரம் முட்டி போடுங்கன்னு சொன்னா நடக்காதுங்க, எட்டரைக்கு மெஷின்ல உக்காரோணும், அதுக்குள்ள சோறாக்கி, தண்ணி புடிச்சு, கொழந்தைய ஸ்கூல் வேன் ஏத்தோணும். அதனால கால் மணி நேரம் போதும், ஆனா அந்தக் கால் மணி நேரம் எங்க, எப்பன்னு முடிவா இருக்கோணும். தானியேல் மேல் அறையில எருசலேம் பக்கம் ஜன்னல் தொறந்து வெச்சு தெனமும் மூணு வேள ஜெபம் பண்ணாருன்னு தானியேல் 6:10ல இருக்குது, அவருக்கு ராஜாங்க வேல, நம்மளவிட எச்சாத்தான் வேல இருந்திருக்கும், ஆனா எடமும் நேரமும் வெச்சிருந்தாரு. எங்க வீட்டுல எனக்குன்னு ரூம் இல்ல, மொட்டமாடிப் படிக்கட்டுல மூணாவது படிதான் என் எடம்.

அந்தக் கால் மணிய இப்படிப் பிரிங்க. மொதல்ல ஒரு சங்கீதம், சத்தமா. 150 சங்கீதம் இருக்குது, ஒரு நாளைக்கு ஒன்னுன்னா அஞ்சு மாசத்துல முடிஞ்சிரும், 119 மட்டும் 176 வசனம், அத நாலஞ்சு நாளுக்குப் பிரிச்சுக்கங்க. சங்கீதம் எதுக்குன்னா, நமக்கு ஜெபம்னாலே "ஸ்தோத்திரம் ஆண்டவரே, நன்றி ஆண்டவரே"ன்னு ஒரே மாதிரி வருது, தாவீது கோவத்தையும் பயத்தையும் ஏன் கைவிட்டீருங்கறதையும் அப்படியே கொட்டறாரு, அத வாசிச்சு வாசிச்சுத்தான் உண்மைய பேசப் பழகறோம். அடுத்து இயேசு சொல்லிக் குடுத்த பரமண்டல ஜெபம், ஒவ்வொரு வரியிலயும் சித்த நேரம் நின்னு. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்"ங்கற வரியில வாரக்கூலிக்காரங்கள நெனைங்க, கடனாளிங்கள மன்னிக்கற வரியில படி 2ல இருக்கற ஆள நெனைங்க.

அப்பறம் மத்தவங்களுக்காக. இதுக்கு எங்க அமுச்சி (அம்மாவப் பெத்த பாட்டி) ஒரு மொற வெச்சிருந்தாங்க, எழுதப் படிக்கத் தெரியாதுங்க அவங்களுக்கு. கண்ண மூடிக்கிட்டு ஊரோட கெழக்கால மொத வீட்டுல இருந்து ஒவ்வொரு வீடா மனசுக்குள்ள நடந்து போவாங்க, இந்த வீட்டுல பிள்ளைக்கு வரன் அமையல, இந்த வீட்டுல மாடு ஈனப் போகுது, இந்த வீட்டுல குடிக்கறான்னு ஒவ்வொரு வாசல்லயும் நின்னு ஜெபிச்சுட்டு அடுத்த வீடு, அது கிறிஸ்தவங்க வீடா இல்லையான்னெல்லாம் பாக்க மாட்டாங்க. நான் இப்ப அதையே மெஷின் வரிசையில பண்றேன், கட்டிங் டேபிள்ல ஆரம்பிச்சு ஓவர்லாக், பேட்லாக், செக்கிங்னு கடைசியில கைமடி வரைக்கும். பேரெழுதி வெச்சுப் படிக்கறதவிட இது மறக்காது. உங்களுக்கு உங்க தெரு, ஹாஸ்டல், பஸ்ஸு எதுவோ அது.

தூக்கம் வருதுங்களா, நின்னுக்கிட்டு ஜெபிங்க. வார்த்த வரலைங்களா, கெத்செமனே தோட்டத்துல இயேசுவே மூணு தடவயும் அதே ஜெபத்தத்தான் பண்ணாரு, புதுசு புதுசா சொல்லோணும்னு ஒன்னுமில்ல. உபவாசம் இருக்கறவங்க மட்டும் ஏசாயா 58 முழுசா ஒரு தடவ படிச்சுட்டு இருங்க, உபவாச நாள்ல வேலக்காரங்கள நெருக்கிட்டு நீங்க பண்ற உபவாசம் எதுக்குன்னு அங்க கடவுள் கேக்கறாரு, பசிச்சவனுக்கு உங்க அப்பத்தப் பகுந்து குடுன்னும் சொல்றாரு. அந்த நாள் மிச்சமாகற சாப்பாட்டுக் காச அன்னைக்கே ஒருத்தருக்குக் குடுத்துடுங்க.

படி 4: நம்பிக்கை, தண்ணி வரதுக்கு முந்தி வாய்க்கா சுத்தம் பண்றது

நம்பிக்கையப் பத்தி நெம்ப தப்பா சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு. விசுவாசிச்சா கடன் அடையும், விசுவாசிச்சா கேன்சர் போகும், போகலைன்னா உனக்கு விசுவாசம் பத்தல, இப்படிப் பேசி மருந்த நிறுத்த வெச்சு ஒரு சொந்தக்காரங்கள நாங்க எழந்திருக்கறோம். தயவு செஞ்சு மாத்திரைய நிறுத்தாதீங்க, ஜெபமும் மாத்திரையும் ஒட்டுக்கா போகட்டும்.

எங்கப்பா பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) பாசன விவசாயி. அந்தத் தண்ணிய மண்டலம் பிரிச்சு சுழற்சி மொறையிலதான் விடுவாங்க, நம்ம மண்டலத்துக்கு மொற வர வரைக்கும் காத்துத்தான் இருக்கோணும், யாரு காலப் புடிச்சாலும் நாளைக்கே வராது. ஆனா தண்ணி தொறக்கப் போறாங்கன்னு சேதி வந்ததுமே அப்பா மம்பட்டி எடுத்துட்டுப் போயி கெளை வாய்க்காலச் செதுக்குவாரு, பாத்தி கட்டுவாரு, அப்ப வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இருக்காது, வெறும் புழுதிதான். எனக்கு நம்பிக்கைன்னா கண்ணு முன்னால வரது அந்தப் புழுதிதாங்க.

அதனால உங்க கவலைய ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டா பிரிங்க. என் கையில இருக்கறது ஒரு பக்கம், என் கையில இல்லாதது மறுபக்கம். கடன்னா, வட்டிக்கு வட்டி வாங்காம இருக்கறது, நகைய வித்து பெரிய வட்டிய மொதல்ல அடைக்கறது, வீட்டுல மறைக்காம பொண்டாட்டிகிட்டச் சொல்றது, இதெல்லாம் உங்க மம்பட்டி. ஆர்டர் வருமா, பருத்தி நூல் வெல எறங்குமா, மழ பெய்யுமா, அது கடவுள் கையில. மறுபக்கத்துல இருக்கறத ஒவ்வொன்னா வாய்விட்டு வாசிச்சு ஒப்புக்குடுங்க, தெனமும் ஒப்புக்குடுக்க வேண்டி வந்தா தெனமும் குடுங்க.

வரவே இல்லைன்னா? ஆயிரம் அடி போர் போட்டும் வெறும் புகையா வந்த காடு நம்ம பல்லடம், அவினாசிப் பக்கம் எத்தன. அவங்களுக்குத்தான் ஆபகூக் 3ல 17ம் 18ம் வசனம், அத்திமரம் துளிர்விடாமப் போனாலும், வயல் வெளையாமப் போனாலும், தொழுவத்துல மாடு இல்லாமப் போனாலும் நான் கர்த்தருக்குள்ள சந்தோஷமா இருப்பேன்னு ஆபகூக் தீர்க்கதரிசி பாடறாரு. வெளஞ்சதுக்கு அப்பறம் பாடுன பாட்டு இல்லீங்க அது. உங்களால அந்த அளவுக்குப் பாட முடியலைன்னா மாற்கு 9:24ல ஒரு அப்பன் கண்ணீரோட, விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்க ஒதவி செய்யும்னு கேட்டாரு பாருங்க, அத சொல்லுங்க. அந்தாள இயேசு திருப்பி அனுப்பல, பையனக் கொணப்படுத்திட்டாரு.

படி 5: அன்பு, பேரு சொல்லி

1 கொரிந்தியர் 13, கல்யாணத்துல எல்லாம் வாசிக்கறோம். ஒரு பயிற்சி சொல்றேன், 4ல இருந்து 7 வரைக்கும் அன்புங்கற வார்த்த வர எடத்துல எல்லாம் உங்க பேரப் போட்டு மெதுவா வாசிங்க. எந்த எடத்துல நாக்கு நிக்குதோ அதுதான் இந்த மாசத்து வேல. எனக்கு "சினமடையாது"ல நின்னுச்சு, பார்ட்டிகிட்ட பணிவாப் பேசிட்டு அந்தக் கோவத்த செக்கிங் பொண்ணுங்க மேல காட்டற பழக்கம். ஒரு மாசத்துக்கு பீஸ் ரிஜெக்ட் ஆனா பத்து நிமிசம் வெளிய போயி நின்னுட்டு வந்துதான் பேசறதுன்னு வெச்சேன், பாதி நாள்தான் முடிஞ்சுது, ஆனா பாதி நாள் முடிஞ்சுது.

அன்பு நம்ம ஊருல ரெண்டு எடத்துல நெசமாவே சோதனைக்கு வருது. ஒன்னு ஜாதி. டீக்கடையில ரெட்ட டம்ளர் வெச்சிருந்த நாட்டுக்காரங்க நாம, சபைக்குள்ளயும் யாரு எங்க உக்காரறது, யாரு வீட்டுல சாப்படறது, எந்தப் பொண்ண எந்த வீட்டுக்குக் கேக்கறதுன்னு வரும்போது ஞானஸ்நானம் எங்க போகுதுன்னே தெரியல. கலாத்தியர் 2ல, புறஜாதிக்காரங்களோட சாப்பிட்டுட்டு இருந்த பேதுரு, யாக்கோபுகிட்ட இருந்து ஆளுங்க வந்ததும் பயந்து வெலகிட்டாரு, அதுக்குப் பவுல் எல்லாரு முன்னாலயும் அவரக் கண்டிச்சாரு, ஒரு பந்தியில உக்காரறத சுவிசேஷத்தோட சத்தியம்னுதான் பவுல் சொல்றாரு. அதனால உங்க வீட்டுல இதுவரைக்கும் கை நனைக்காத ஒரு குடும்பத்த ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குக் கூப்புடுங்க, அவங்க கூப்பிட்டா நீங்க போயி உக்காந்து சாப்புடுங்க, டீ மட்டும் போதும்னு எந்திரிச்சு வந்துடாதீங்க.

இன்னொன்னு வடக்க இருந்து வந்த பசங்க. ஒடிசா, பீகார், ஜார்கண்ட்ல இருந்து வந்து ஒரு ரூம்ல எட்டு பேரு தங்கிட்டு நம்ம பனியன தச்சுக் குடுக்கறாங்க. லேவியராகமம் 19:34ல உங்ககிட்ட தங்கற அந்நியன சொந்த ஊர்க்காரன் மாதிரி நெனச்சு நேசிங்க, நீங்களும் எகிப்துல அந்நியரா இருந்தீங்கன்னு கடவுள் சொல்றாரு. நம்ம சனங்களும் பொழைக்க அரபு நாட்டுக்கும் மலேசியாவுக்கும் போனவங்கதான். பேரு கேட்டு பேரு சொல்லிக் கூப்புடுங்க, "ஏய் இந்திக்காரா"ன்னு கூப்புடாதீங்க. காச்சல் வந்தா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க, பாஷை தெரியாம ஆஸ்பத்திரியில நிக்கறது எவ்வளவு கொடுமைன்னு ஒரு தடவ கூடப் போனீங்கன்னா தெரியும். இதெல்லாம் அவங்கள மதம் மாத்தறதுக்காகச் செய்யாதீங்க, நல்ல சமாரியன் அடிபட்டவனுக்குக் காயம் கட்டி சத்திரத்துல சேத்துட்டு ரெண்டு பணம் குடுத்தாரு, வேற எதுவும் கேக்கல.

வீட்டுக்குள்ள அன்பப் பத்தி நெம்ப எழுத மாட்டேன், மாமியாருக்கும் மருமகளுக்கும் நான் நியாயம் சொல்ல முடியாது. ராத்திரி சாப்புட்ட தட்ட ஆம்பளைங்க அவங்கவங்க கழுவுங்க, அதுல இருந்து ஆரம்பிக்கட்டும்.

விழுந்துட்டா

விழுவீங்க. போன வருசம் ஆடிக்கு முந்தி ரெண்டு வாரம் மறுபடி என் கூலிக் கணக்கு தட்டுச்சு, தனியா வெச்ச பணத்த மெஷின் ரிப்பேருக்கு எடுத்துட்டேன். 1 யோவான் 1:9 பாவத்த அறிக்கையிட்டா மன்னிச்சு சுத்திகரிப்பாருன்னு சொல்லுது, அத நம்பி அன்னைக்கே எந்திரிங்க, ஒரு மாசம் குத்த உணர்ச்சியில ஆலயத்துக்குப் போகாம இருக்கறது தாழ்மை இல்லீங்க. அறிக்கைய கடவுள்கிட்ட மட்டும் வெச்சுக்காம நம்பிக்கையான ஒரு ஆள்கிட்டயும் சொல்லுங்க, யாக்கோபு 5:16 அப்படித்தான் சொல்லுது, அதே அதிகாரத்துல 4வது வசனம் புடிச்சு வெச்ச கூலி கூக்குரலிடுதுன்னும் சொல்லுது. எனக்கு அந்த ஆளு ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, மாசம் ஒரு தடவ பேக்கரியில உக்காந்து டீ குடிச்சுட்டே கேப்பாரு, "கூலி குடுத்தாச்சா, அண்ணன்கிட்ட பேசுனியா, படிக்கட்டுல உக்காந்தியா"ன்னு மூணே கேள்வி. உங்களுக்கும் அப்படி ஒருத்தரத் தேடிக்கங்க, உங்கள மொகஸ்துதி பண்ணாதவரா பாத்து.

எங்கிருந்து தொடங்கறதுன்னு கேட்டா, இந்த சனிக்கிழமைல இருந்துங்க. அஞ்சு மணிக்குப் பேப்பர எடுங்க, யாருக்கு என்ன குடுக்கோணும்னு எழுதுங்க, பூராவும் முடியலைன்னாலும் அதுல இருக்கறதுலயே ஏழை யாரோ அவங்களுக்கு ஏழு மணிக்குள்ள குடுத்துடுங்க, ஜிபேல போட்டாலும் சரி, ஒரு போன் பண்ணி லேட்டானதுக்கு மன்னிப்பும் கேளுங்க. ஞாயித்துக்கிழமை காணிக்கைப் பை வரதுக்கு முந்தி இது முடிஞ்சிருக்கோணும்.